அமெரிக்க லத்தீனோக்களும் டிப்ரஷன் வைத்தியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவுல லத்தீனோ ஜனங்க, அதாவது லத்தீன் அமெரிக்க நாட்டு வம்சத்துக்காரங்க, மனசு சம்பந்தப்பட்ட வைத்தியத்துக்கு போறது ரொம்ப கம்மி, இது புது செய்தி இல்ல. ஆனா ஏன்னு கேட்டா "அவங்க கலாச்சாரம் அப்படி"ன்னு ஒரே வரியில முடிச்சுடறாங்க, எனக்கு அதுலதான் சண்டை. இங்க டெக்சாஸ், கலிபோர்னியா பக்கம் இருக்குற நம்மாளுங்க கூட வேலை பாக்குறவங்கள வச்சு கேக்குற கேள்விகளையும், பொதுவா வர்ற கேள்விகளையும் சேர்த்து பதில் எழுதியிருக்கேன். டாக்டர்கிட்ட போறதுக்கு பதிலா இதை படிக்காதீங்க, போறதுக்கு முன்னாடி படிங்க.

லத்தீனோன்னா எல்லாரும் மெக்சிகோக்காரங்கதானே?

இல்ல. 2020 சென்சஸ்படி அமெரிக்காவுல 6.2 கோடி பேர், அதாவது அஞ்சுல ஒருத்தருக்கு கொஞ்சம் கம்மி. அதுல பாதிக்கு மேல மெக்சிகோ வம்சம்தான், ஆனா போர்ட்டோ ரிக்கோ, கியூபா, எல் சால்வடார், டொமினிக்கன் ரிபப்ளிக், குவாத்தமாலா, கொலம்பியான்னு நீண்டுக்கிட்டே போகும். போர்ட்டோ ரிக்கோக்காரங்க 1917-ல இருந்தே அமெரிக்க குடிமக்கள், அவங்களுக்கு விசா கவலையே கிடையாது. இன்னொரு பக்கம் கலிபோர்னியா தோட்டங்கள்ல ஸ்ட்ராபெரி பறிக்கிற மிக்ஸ்டெக்கோங்குற மெக்சிகோ பழங்குடி ஜனங்களுக்கு ஸ்பானிஷே ரெண்டாவது மொழிதான். இத்தனை பேரையும் ஒரே மூட்டையில கட்டி "லத்தீனோ மனசு"ன்னு யாராச்சும் பேசினா கொஞ்சம் உஷாரா கேளுங்க.

அவங்களுக்கு டிப்ரஷன் மத்தவங்களை விட அதிகமா வருதா?

இங்கதான் ஒரு ஆச்சரியம். ஊரை விட்டு வந்து, பாஷை தெரியாம, கூலி வேலை பாக்குறவங்களுக்குத்தான் மனசு அதிகமா உடைஞ்சிருக்கும்னு நாம நினைப்போம். கலிபோர்னியாவுல ஃப்ரெஸ்னோ கவுன்டியில வில்லியம் வெகாவும் அவர் கூட இருந்தவங்களும் மெக்சிகோ வம்சத்து ஆளுங்க சுமார் 3,000 பேர்கிட்ட ஆய்வு பண்ணி 1998-ல வெளியிட்டாங்க, அதுல மெக்சிகோவுல பொறந்து வந்தவங்களுக்கு மனநோய் இருந்த அளவு, அமெரிக்காவுலயே பொறந்தவங்களுக்கு இருந்ததுல பாதிதான். ஆனா வந்தவங்களுக்கும் இங்க இருக்குற வருஷம் கூடக் கூட அந்த அளவும் ஏறுது. பின்னாடி நாடு முழுக்க நடந்த ஆய்வுகள்லயும் இதே மாதிரி வந்துச்சு, போர்ட்டோ ரிக்கோக்காரங்களுக்கு மட்டும் இந்த பாதுகாப்பு அவ்வளவா தெரியல.

ஏன்னு பல விளக்கம் இருக்கு. குடும்பம் கூட்டமா இருக்கு, திடமானவங்கதான் ஊரை விட்டே கிளம்பி வர்றாங்க, ஊர் நிலவரத்தோட ஒப்பிட்டு பாத்து திருப்திப்படுறாங்க, இப்படி. புள்ளைங்க தலைமுறைக்கு அந்த ஒப்பீடு கிடையாது. அவங்க கூட படிக்கிற வெள்ளைக்கார பசங்களோடதான் தன்னை ஒப்பிட்டு பாக்குறாங்க.

அதனால பொதுவா பாத்தா நோய் அதிகம்ங்குறது பிரச்சனை இல்ல, வந்த நோய்க்கு வைத்தியம் கிடைக்காம வருஷக்கணக்கா இழுக்குதுங்குறதுதான் பிரச்சனை. 2020 கணக்குப்படி மனநோய் இருக்குற லத்தீனோ பெரியவங்கள்ல 100-க்கு 35 பேரை ஒட்டித்தான் அந்த வருஷம் ஏதாவது சிகிச்சை எடுத்தாங்க, நாட்டு சராசரி 46.

சரி, போறதுல என்ன வெக்கம்?

"லோக்கோ" ஆயிட்டான், அதாவது பைத்தியம் ஆயிட்டான்னு பேர் வாங்கிடுவோமேங்குற பயம். அவங்களுக்கு மனசு இருண்டு போனாலும் தூக்கம் போனாலும் "நான் லோக்கோ இல்ல, எதுக்கு சைக்கியாட்ரிஸ்ட்?"ன்னுதான் முதல் பதில் வரும். வீட்டு அழுக்குத்துணியை வீட்டுக்குள்ளதான் துவைக்கணும்னு ஸ்பானிஷ்ல ஒரு பழமொழி உண்டு, பல வீடுகள்ல தெரபி பேச்சு எடுத்தாலே அதைத்தான் சொல்லி வாயடைப்பாங்க. முன்பின் தெரியாத ஒருத்தர்கிட்ட போய் உக்காந்து அம்மாவை பத்தியும் புருஷனை பத்தியும் சொல்றது துரோகம் மாதிரி தோணுது. நம்ம வீடுகள்ல "நாலு பேரு என்ன சொல்லுவாங்க"ன்னு கேட்டு வளந்தவங்களுக்கு இதை தனியா விளக்க வேண்டியதில்ல.

அதுக்கு மேல "எச்சாலே கானாஸ்"னு ஒரு வார்த்தை. கொஞ்சம் முனைப்பு காட்டு, மனசை திடப்படுத்திக்கன்னு அர்த்தம். சொல்றவங்க பாசமாத்தான் சொல்றாங்க, ஆனா படுக்கையை விட்டு எழுந்திருக்கவே தெம்பு இல்லாதவனுக்கு அது "தப்பு உன் மேலதான்"னு கேக்குது.

ஆம்பளைங்களுக்கு இது இன்னும் கஷ்டமா?

ஆமா. குடும்பத்தை தாங்குறவன் அழக்கூடாது, அவ்வளவுதான் விதி. அதனால ஆம்பளைங்ககிட்ட டிப்ரஷன் சோகமா தெரியாது, கோபமா, குடியா, ராத்திரி பகல் பாக்காம ஓவர்டைம் வேலையா தெரியும். பொம்பளைங்களுக்கு வேற விதி, எல்லாத்தையும் பொறுத்துக்கணும், தனக்குன்னு எதுவும் கேக்கக்கூடாது, கடைசியா சாப்பிடணும். அவங்க டாக்டர்கிட்ட போனாக்கூட புள்ளைக்கு இருமல்னு போயிட்டு வருவாங்க.

கொஞ்சம் மாறிக்கிட்டும் இருக்கு. கொலம்பியா பாடகர் ஜே பால்வின் தனக்கு டிப்ரஷனும் பதட்டமும் வந்ததை வெளிப்படையா பேசினார். பாடகி செலீனா கோமஸ் தனக்கு பைபோலார், அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்குற நோய்னு 2020-ல சொன்னாங்க. ஒரு பாடகர் சொன்னதுக்காக ரூஃபிங் வேலை பாக்குற 50 வயசு அப்பா கிளினிக்குக்கு போகப்போறதில்லதான், ஆனா அவரோட பையன் போவான்.

"நெர்வியோஸ்"னு சொல்றாங்களே, அதுவும் டிப்ரஷனும் ஒண்ணா?

ஒண்ணுன்னும் சொல்ல முடியாது, வேறன்னும் சொல்ல முடியாது. நெர்வியோஸ்னா நரம்புத்தளர்ச்சின்னு நம்ம ஊர்ல சொல்ற மாதிரி ஒரு பொதுவான பேச்சு: படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல், அழுகை, தலைவலி எல்லாம் அதுல அடங்கும். "அட்டாக்கே தே நெர்வியோஸ்"ங்குறது தனி, அது திடீர்னு வர்றது, அலறல், நடுக்கம், நெஞ்சுல இருந்து சூடு ஏறுறது, சில சமயம் மயங்கி விழுறது. பெரும்பாலும் சாவு செய்தி, குடும்ப சண்டை மாதிரி ஏதாவது நடந்த உடனே வரும். 1950-கள்ல அமெரிக்க ராணுவ டாக்டருங்க போர்ட்டோ ரிக்கோ சிப்பாய்ங்ககிட்ட இதை பாத்துட்டு "போர்ட்டோ ரிக்கன் சிண்ட்ரோம்"னு பேர் வச்சுட்டாங்க, ஏதோ அந்த தீவுக்கே உரிய கோளாறு மாதிரி. அமெரிக்க சைக்கியாட்ரி சங்கத்தோட நோய் கையேட்டுல 1994 பதிப்புல இருந்து இது மரியாதையா இடம் பிடிச்சிருக்கு, 2013 பதிப்புலயும் இருக்கு.

இதனால நடைமுறையில என்ன ஆகுதுன்னா, நெர்வியோஸ்னு சொன்னா யாரும் கேவலமா பாக்க மாட்டாங்க, அனுதாபம் கிடைக்கும், டிப்ரஷன்னு சொன்னாத்தான் வாய் மூடிக்கும். அதனால நல்ல டாக்டரா இருந்தா முதல்ல அவங்க சொல்ற பேருலயே பேச ஆரம்பிப்பாங்க. பல பேர் முதுகுவலி, தலைவலி, வயித்து எரிச்சல்னுதான் வருவாங்க, 15 நிமிஷ அப்பாயின்ட்மென்ட்ல வலி மாத்திரை எழுதி அனுப்பிட்டா உள்ள இருந்த டிப்ரஷன் அப்படியே வீட்டுக்கு திரும்பி போயிடும்.

அப்போ எல்லாம் கலாச்சாரம்தான்னு ஒத்துக்குறீங்க?

இல்லவே இல்ல, இப்பத்தான் விஷயத்துக்கே வர்றோம்.

முதல்ல அர்ஜென்டினாவை பாருங்க. அதுவும் ஸ்பானிஷ் பேசுற, கத்தோலிக்க, குடும்பம் குடும்பம்னு உயிரை விடுற ஊர்தான். ஆனா உலகத்துலயே ஜனத்தொகையோட ஒப்பிட்டா சைக்காலஜிஸ்டுங்க ரொம்ப அதிகமா இருக்குற நாடு அது. பியூனஸ் ஐரஸ்ல ஒரு ஏரியாவுக்கு தெரபிஸ்ட் ஆபீஸ் நிறைஞ்சு கிடக்குறதால "வில்லா ஃப்ராய்டு"ன்னே பேரு. அங்க டாக்ஸி டிரைவர் கூட "என் அனலிஸ்ட் சொன்னார்"னு பேசுவார்னு சொல்லுவாங்க. கலாச்சாரம்தான் காரணம்னா அங்கயும் யாரும் போகக்கூடாதே?

அடுத்தது காசு. 2022-ல 65 வயசுக்கு கீழ இருக்குற லத்தீனோக்கள்ல சுமார் 18 சதவீதம் பேருக்கு இன்சூரன்ஸே இல்ல, வெள்ளைக்காரங்கள்ல அது 7-ஐ ஒட்டி. லத்தீனோ ஜனத்தொகை பெருசா இருக்குற டெக்சாஸும் ஃப்ளோரிடாவும் மெடிகெய்டை, அதாவது ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸை, விரிவுபடுத்தவே இல்ல. இன்சூரன்ஸ் இல்லாம தெரபி போனா ஒரு தடவைக்கு 100-ல இருந்து 200 டாலர் கேப்பாங்க. டெக்சாஸ்ல குறைஞ்சபட்ச கூலி மணிக்கு 7.25 டாலர், 150 டாலர்னா ரெண்டரை நாள் உழைப்பு, அதுவும் வாரா வாரம், அதுக்காக லீவ் போட்டா அந்த கூலியும் போச்சு. இந்த ஆள் வரலைன்னா அதுக்கு பேரு வெக்கமா?

மூணாவது, மொழி. அமெரிக்க சைக்காலஜிஸ்ட் சங்கம் 2015-ல எடுத்த சர்வேயில ஸ்பானிஷ்ல சிகிச்சை குடுக்க முடியும்னு சொன்னவங்க 100-க்கு 5, 6 பேர்தான். துக்கத்தை ரெண்டாவது மொழியில சொல்லிப் பாருங்க, தெரியும்.

என் வாதத்துக்கு நல்ல சாட்சி ஒண்ணு இருக்கு. ஜீன் மிராண்டாவும் அவங்க குழுவும் வாஷிங்டன் சுத்துவட்டாரத்துல டிப்ரஷன் இருந்த 267 ஏழைப் பொம்பளைங்களை வச்சு பண்ண ஆய்வு 2003-ல வெளியாச்சு. கறுப்பினத்தவங்க, லத்தீனாக்கள் (லத்தீனோ பொம்பளைங்க), வெள்ளைக்காரங்க எல்லாரும் கலந்து இருந்தாங்க. ஒரு குரூப்புக்கு மாத்திரை, ஒரு குரூப்புக்கு பேச்சு சிகிச்சை, மூணாவது குரூப்பை "இந்த கிளினிக்குக்கு போங்க"ன்னு சீட்டு எழுதி அனுப்பினாங்க. சிகிச்சை குடுத்த குரூப்புங்களுக்கு போக்குவரத்து, புள்ளைங்களை பாத்துக்க ஆளுன்னு எல்லா ஏற்பாடும் பண்ணாங்க. அவங்கள்ல நல்ல முன்னேற்றம் தெரிஞ்சுது, சீட்டு மட்டும் வாங்கினவங்கள்ல ரொம்ப கொஞ்ச பேர்தான் கிளினிக் வாசலையே மிதிச்சாங்க. வெக்கமே இல்லாம குதிச்சு வந்தாங்கன்னு சொல்லல, பல பேர்கிட்ட மறுபடி மறுபடி பேசி நம்பிக்கை வரவச்ச பிறகுதான் ஆரம்பிக்க முடிஞ்சுது. ஆனா வழி இருந்தா வர்றாங்க.

பேப்பர் (குடியிருக்க அனுமதி) இல்லாதவங்க கிளினிக் போனா மாட்டிப்பாங்களா?

சும்மா "பயப்படாதீங்க"ன்னு சொல்லி தப்பிக்க எனக்கு மனசு வரல, ஏன்னா பயத்துக்கு காரணம் இருக்கு. 2019-ல மெடிகெய்டு மாதிரி உதவி வாங்கினா கிரீன் கார்டு கிடைக்காம போகலாம்னு ஒரு விதி கொண்டு வந்தாங்க, 2021-ல அதை எடுத்துட்டாங்க, ஆனா அந்த பீதி போகல, விதி பொருந்தாதவங்க கூட புள்ளைங்களோட மெடிகெய்டை கேன்சல் பண்ணாங்க. 2025 ஜனவரியில ஆஸ்பத்திரி, சர்ச், ஸ்கூல் பக்கம் குடிவரவு அதிகாரிங்க போகாம இருந்த பழைய கொள்கையை ரத்து பண்ணிட்டாங்க. அதே வருஷம் மெடிகெய்டு டேட்டா குடிவரவு பக்கம் போனது கோர்ட் வரைக்கும் வந்துச்சு. ஃப்ளோரிடாவுலயும் டெக்சாஸ்லயும் ஆஸ்பத்திரிங்க குடியுரிமை நிலையை கேக்கணும்னு உத்தரவு இருக்கு, ஆனா பதில் சொல்ல மாட்டேன்னு சொல்ற உரிமை நோயாளிக்கு உண்டு, அதுக்காக வைத்தியத்தை மறுக்க முடியாது.

இன்னும் மாறாம இருக்குறது என்னன்னா, எமர்ஜென்சி ரூம் யாரையும் பேப்பர் கேட்டு திருப்பி அனுப்பக்கூடாது, 1986 சட்டம் அது. தெரபிஸ்ட்கிட்ட சொல்றது ரகசியம். வருமானத்துக்கு ஏத்த மாதிரி ஃபீஸ் வாங்குற கம்யூனிட்டி கிளினிக்குங்க ஊருக்கு ஊர் இருக்கு, ஓக்லண்ட்ல 1971-ல ஆரம்பிச்ச லா கிளினிகா தே லா ராசா, வாஷிங்டன்ல 1983-ல வந்த லா கிளினிகா தெல் பூவெப்லோ மாதிரி. விதிங்க மாதத்துக்கு ஒண்ணு மாறுறதால போறதுக்கு முன்னாடி அந்த கிளினிக்குக்கே போன் போட்டு கேட்டுக்கறது நல்லது, பேர் சொல்லாமலே கேக்கலாம்.

வீட்டுல இங்கிலீஷ் தெரிஞ்ச புள்ளைதான் இருக்கு, அதை மொழிபெயர்க்க கூட்டிட்டு போலாமா?

வேண்டாம், தயவுசெஞ்சு வேண்டாம். "சாகணும்னு நினைச்சிருக்கீங்களா?"ன்னு டாக்டர் கேப்பார், அதை 11 வயசு பொண்ணு தன் அம்மாகிட்ட கேட்டு பதிலை திருப்பி சொல்லணும். அம்மா உண்மையை சொல்லுவாங்களா? மத்திய அரசோட நிதி வாங்குற ஆஸ்பத்திரி, கிளினிக் எல்லாம் இலவசமா மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு பண்ணணும், சட்டமே அதுதான். அவசரத்தை தவிர மைனர் புள்ளைங்களை இதுக்கு பயன்படுத்தவே கூடாது. பேசுறது ஸ்பானிஷ் இல்ல, மிக்ஸ்டெக்கோ பாஷைன்னா அதையும் சொல்லி கேக்கணும்.

டிப்ரஷன் மாத்திரைக்கு அடிமை ஆயிடுவோமா?

லத்தீனோக்கள் மத்தியில ரொம்ப பெரிய பயம் இதுதான், பல ஆய்வுல மாத்திரையை விட பேச்சு சிகிச்சையே மேல்னு சொல்றவங்க அவங்கள்ல அதிகம். வழக்கமா குடுக்குற டிப்ரஷன் மாத்திரைங்களுக்கு போதை கிடையாது, டோஸ் ஏத்திக்கிட்டே போகணும்ங்குற வெறியும் வராது. ஆனா டக்குன்னு நிறுத்தினா தலைசுத்தல், எரிச்சல், தூக்கக்கோளாறு வரும், அதை பாத்துட்டு "பாத்தியா, அடிமை ஆக்கிடுச்சு"ன்னு முடிவு கட்டிடறாங்க. டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியா குறைச்சா போதும்.

இன்னொரு கோளாறு, முதல் வாரத்துல குமட்டல்தான் வரும், பலன் தெரிய 2-ல இருந்து 4 வாரம், முழுசா தெரிய 6, 8 வாரம் ஆகும். இதை முன்கூட்டியே சொல்லலைன்னா பத்தாவது நாள் பாட்டில் குப்பையில. நல்லா ஆன பிறகும் குறைஞ்சது ஆறு மாசமாவது தொடர சொல்லுவாங்க. 25 வயசுக்கு கீழ இருக்குறவங்களுக்கு ஆரம்பத்துல தற்கொலை எண்ணம் கூடுதான்னு கவனமா பாக்கணும்.

நாட்டு மருந்து சாப்பிட்டா கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லணும். "இயெர்பா தே சான் ஹுவான்"ங்குற மூலிகையை இந்த மாத்திரைங்களோட சேர்த்து சாப்பிட்டா ஆபத்தா முடியலாம். சொன்னா திட்டுவாங்கன்னு மறைக்கிறாங்க, சில டாக்டருங்க திட்டவும் செய்றாங்க, அதான் வயித்தெரிச்சல்.

தெரபின்னா வருஷக்கணக்கா படுத்துக்கிட்டு பேசணுமா?

அது சினிமா. சிபிடின்னு சொல்ற பேச்சு சிகிச்சை பெரும்பாலும் 12, 16 தடவையில முடியுது. எப்படிப்பட்ட நினைப்பு வருது, அப்புறம் என்ன செய்றோம், அதுல எதை கொஞ்சம் மாத்தலாம்னு வேலை பாக்குற மாதிரி பாப்பாங்க, வீட்டுப்பாடம் கூட உண்டு. பெரு நாட்டுல பொறந்த சைக்காலஜிஸ்ட் ரிக்கார்டோ முன்யோஸ் சான் ஃப்ரான்சிஸ்கோ ஜெனரல் ஆஸ்பத்திரியில இதை ஸ்பானிஷ்லயே, குரூப்பா, ஏழை நோயாளிங்களுக்கு குடுக்குற மாதிரி கையேடு எழுதினார். கர்ப்பிணிங்களுக்கு "மாமாஸ் இ பெபேஸ்"னு தனியா ஒண்ணு, அது இப்ப பல மாநிலத்துல நடக்குது.

சர்ச்சுக்கு போனா போதாதா? கூராந்தேரோகிட்ட போறவங்களை என்ன சொல்றது?

போகட்டும். பாதிரியாரும் கூராந்தேரோவும், அதாவது நாட்டு வைத்தியரும், பல பேருக்கு முதல் வாசல், அங்க உக்காத்தி வச்சு பொறுமையா கேக்குறாங்க. அங்கயே நின்னுடறதுதான் சிக்கல். கடவுள் நம்பிக்கை குறைஞ்சாத்தான் டிப்ரஷன் வரும்னு யாராச்சும் சொன்னா போப் ஃப்ரான்சிஸ் கதையை சொல்லுங்க. அவர் அர்ஜென்டினாவுல 42 வயசுல, ஏற்கெனவே பாதிரியாரா இருந்தப்ப, ஒரு யூதப் பெண் மனநல மருத்துவர்கிட்ட ஆறு மாசம் வாரம் ஒரு தடவை போனதா அவரே சொன்னார், அது 2017-ல வெளிய வந்துச்சு.

டீனேஜ் பொண்ணுங்க பத்தி ஏன் தனியா பேசுறாங்க?

மொத்தமா பாத்தா லத்தீனோக்கள்ல தற்கொலை சாவு வெள்ளைக்காரங்களுக்கு நடக்குறதுல பாதிதான். ஆனா ஹைஸ்கூல் படிக்கிற லத்தீனா பொண்ணுங்கள்ல தற்கொலை முயற்சி பல வருஷமா அரசு சர்வேக்கள்ல வெள்ளைக்கார பொண்ணுங்களை விட கூடுதலா தெரிஞ்சுது. வீட்டுல ஒரு உலகம், ஸ்கூல்ல ஒரு உலகம், அம்மாவோட தினம் சண்டை, அதே அம்மாவை ஏமாத்தக்கூடாதுங்குற பாரம். நியூயார்க் ப்ராங்ஸ்ல ரோசா ஹில் ஆரம்பிச்ச கொமுனிலைஃப் அமைப்பு 2008-ல இந்த பொண்ணுங்களுக்குன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சுது. ஸ்கூல் முடிஞ்சதும் வந்து ஓவியம், பாட்டு, படிப்பு உதவி, சாப்பாடு, கூடவே அம்மாங்களுக்கும் கவுன்சிலிங். வைத்தியம்னு போர்டு மாட்டாததே பாதி வெற்றின்னு எனக்கு தோணுது.

வெக்கத்தை குறைக்க வேற எது வேலை செஞ்சிருக்கு?

ப்ரோமோத்தோராங்க. அதே தெருவுல குடியிருக்குற, பயிற்சி எடுத்த பொம்பளைங்க, வீட்டு சமையக்கட்டுல உக்காந்து பேசுவாங்க. அப்புறம் படக்கதை. லாஸ் ஏஞ்சலஸ்ல முதியோர் கல்வி மாணவர்களுக்கு ஒரு பாதி பேருக்கு டிப்ரஷன் பத்தின சாதா நோட்டீஸும், மீதி பேருக்கு போட்டோ வச்ச கதைப்புத்தகமும் குடுத்து பாத்தாங்க. விஷயம் ரெண்டு பேருக்கும் புரிஞ்சுது, ஆனா சிகிச்சை மேல இருந்த கூச்சம் கதை படிச்சவங்களுக்குத்தான் நல்லா குறைஞ்சுது, அதை வீட்டுல மத்தவங்களுக்கும் குடுத்தாங்க.

என் கூட வேலை பாக்குற மெக்சிகோ நண்பர் ரொம்ப ஒடிஞ்சு போயிருக்கார், நான் என்ன செய்யலாம்?

"டிப்ரஷனா?"ன்னு ஆரம்பிக்காதீங்க. தூக்கம் வருதா, சாப்பிடுறீங்களா, இப்பெல்லாம் மேட்ச் பாக்க வர்றதில்லையேன்னு கேளுங்க. அவர் வழக்கமா போற டாக்டர் இருந்தா அங்கயே ஆரம்பிக்கலாம், ஒன்பது கேள்வி உள்ள ஒரு ஃபார்ம் இருக்கு, ஸ்பானிஷ்லயும் உண்டு, ரெண்டு நிமிஷ வேலை. அப்பாயின்ட்மென்ட்டுக்கு கார்ல கூட்டிட்டு போறேன்னு சொல்றது நூறு அட்வைஸுக்கு மேல. மனைவியையோ அண்ணனையோ சேர்த்துக்க அவர் சம்மதிச்சா ரொம்ப நல்லது, குடும்பம் வேண்டாம்னு சொன்னா போக மாட்டார், குடும்பம் போன்னு சொன்னா போவார்.

சாவை பத்தி பேசினா அதை ஒதுக்காம நேராவே கேளுங்க, கேக்குறதால அந்த எண்ணம் வந்துடாது. தற்கொலை தடுப்பு ஹெல்ப்லைன் நம்பரான 988-க்கு போன் பண்ணி 2 அமுக்கினா ஸ்பானிஷ்ல பேசுவாங்க, 2023-ல இருந்து AYUDA-ங்குற ஸ்பானிஷ் வார்த்தையை, அதாவது ஆயூதான்னு, அதே நம்பருக்கு டெக்ஸ்ட்டும் பண்ணலாம். காசு கிடையாது. அவர் பேச மாட்டேன்னு அடம்பிடிச்சா நீங்களே கூப்பிட்டு பக்கத்துல ஒருத்தர் இப்படி இருக்கார், நான் என்ன பண்ணட்டும்னு கேக்கலாம், அதுக்கும் வழி சொல்லுவாங்க.